இருசம்மாள் வாயை மூடிய கதை

பசியாவரத்தில் யாரும் செய்தித்தாள் வாங்குவதில்லை. தேவைப்பட்டதில்லை. காலை ஏழு மணிக்கு இருசம்மாள் நண்டுக் கூடையோடு படகேறி அக்கரைக்குப் போவாள். மத்தியானம் இரண்டு மணிக்குக் காலிக் கூடையோடு திரும்புவாள். போகும்போது தீவின் சேதி பழவேற்காட்டுக்குப் போகும். வரும்போது பழவேற்காட்டின் சேதி தீவுக்கு வரும். யார் வீட்டில் புது மிக்சி, எவளுடைய மருமகள் கோபித்துக்கொண்டு தாய் வீடு போனாள், எந்த வாத்தியாருக்கு மாற்றல் வந்தது, எல்லாம் அந்தக் கூடையில் நண்டுக்கு மேலே உட்கார்ந்து பயணம் செய்யும்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. குட்டையான உருவம். ஏரிக்காற்றை எதிர்த்துப் பேசிப் பேசித் தடித்துப்போன குரல். சேற்று நண்டின் கொடுக்கைச் சணல் கயிற்றால் கட்டுவதில் தீவில் அவளுக்கு இணை கிடையாது. காலால் நண்டை அமுக்கிக்கொண்டு, கையால் கட்டிக்கொண்டு, வாயால் ஊர்க்கதை சொல்வாள். மூன்று வேலையும் ஒன்றுக்கொன்று தடையாக இருந்ததே இல்லை. ஆயிரக்கணக்கான நண்டுகளைக் கட்டிப்போட்ட அந்தக் கைகளால் அவளுடைய நாக்கை மட்டும் கட்ட முடியவில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இருசம்மாள் பொய் சொல்லமாட்டாள். ஊருக்கு இருந்த பெரிய கஷ்டமே அதுதான். பொய்க்காரியாக இருந்திருந்தால் யாரும் நம்பாமல் போயிருப்பார்கள்.

பத்தொன்பது வயதில் சின்னதம்பிக்குக் கழுத்தை நீட்டியவள். தாலி கட்டும் நேரத்தில், மேளச் சத்தத்தையும் மீறி, "யம்மா, இவருக்குக் கை நடுங்குதும்மா!" என்று கூட்டத்துக்கு அறிவித்தாள். அன்றைக்குப் பேச்சை நிறுத்திய சின்னதம்பி, அதற்குப் பிறகு முப்பத்துமூன்று வருஷங்களில் அவசியத்துக்கு மட்டும் நாலு வார்த்தை பேசியிருக்கிறார். வலை கட்டப் போவார், வருவார், சாப்பிடுவார். அவருக்கும் சேர்த்து அவள் பேசினாள். குடும்பம் நன்றாகத்தான் நடந்தது.

ஆறு வருஷம் காத்திருந்து பெற்ற ஒரே பெண் திவ்யா. அவளை அதே தீவில், மூன்றாவது தெருவில் இருந்த ஜெகதீஸ்வரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மகளைப் பார்க்க இருசம்மாள் பத்து நிமிஷம் நடந்தால் போதும். ஆனால் இரண்டு வருஷமாக அந்தப் பத்து நிமிஷம் ஏரியைவிட அகலமாகிவிட்டது.

காரணம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திவ்யாவுக்கு முதன்முதலாக நாள் தள்ளிப்போனது. ஐம்பது நாள். அம்மாவின் காதில் மட்டும் சொன்னாள். "யாராண்டயும் சொல்லாதம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ச்சீ, நானா?" என்றாள் இருசம்மாள். மறுநாள் காலை படகு பாதி ஏரி தாண்டுவதற்குள் படகிலிருந்த பதினான்கு பேருக்கும் தெரிந்துவிட்டது. பத்து மணிக்கு மீன் ஏலக் கூடம் முழுவதும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் திவ்யாவின் வாசலில் மாங்காய், புளியங்காய், வஞ்சிரக் குழம்பு என்று வந்து குவிந்தன. கெட்ட எண்ணம் எதுவுமில்லை. சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொள்ள இருசம்மாளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எழுபதாவது நாள் அந்தக் கரு தங்கவில்லை.

மாங்காய் கொடுத்த அத்தனை பேரும் இப்போது துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஒருவர் விடாமல் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் திவ்யா முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நாற்பதாவது ஆள் போன பிறகு அவள் கதவைச் சாத்தினாள். அம்மாவைப் பார்த்து அழாமல் சொன்னாள்:

"இனிமே உங்கிட்ட ரெண்டே விஷயம்தான் பேசுவேன். மீன் வெல. மழை. வேற எதுவும் கேக்காத."

சொன்னதைக் காப்பாற்றினாள். தாயும் மகளும் தெருவில் பார்த்துக்கொண்டால், "நண்டு இன்னா வெலம்மா போவுது?" என்பாள் மகள். விலையைச் சொல்வாள் தாய். "மழை வருமாடி?" என்பாள் தாய். "வரும்போல கீது" என்பாள் மகள். அந்தத் தாய் இரண்டு வருஷமாகத் தான் பெற்ற மகளோடு வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் பேசும் வாய்க்கு மகளிடம் பேச விஷயமில்லை.

இப்படி இருக்கையில் போன ஐப்பசியில் வந்த புயல், கரையில் நின்ற செல்போன் டவரைச் சாய்த்துவிட்டுப் போனது. பழவேற்காடு கடைத்தெருவில் எங்காவது ஒரு மூலையில் ஒரு கோடு சிக்னல் தெரியும். தீவில் அதுவும் இல்லை. இன்று வருவார்கள், நாளை வருவார்கள் என்று ஒரு மாதம் போனது. வயசுப் பிள்ளைகள் போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார்கள்.

ஜெகதீஸ்வரன் ஐந்து வருஷம் சென்னையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவிட்டு, அப்பாவின் வலைப் பங்கை எடுத்துச் செய்ய ஊருக்குத் திரும்பியவன். ஒருநாள் கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டி, எல்லோருடைய போனிலும் ஒரு ஆப்பை ஏற்றினான். அதன் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊர் அதற்குத் 'தோணி' என்று பெயர் வைத்தது.

"இதுக்கு டவர் வேணாம். ரீசார்ஜும் வேணாம்" என்றான் ஜெகதீஸ்வரன். "ஒரு போன் பக்கத்துல இன்னொரு போன் வந்தா மெசேஜ் தானா தாவிக்கும். அங்கேர்ந்து அடுத்த போனு. இப்டியே தாவித்தாவி யாருக்கு அனுப்புனோமோ அவுங்க போன்ல போய் எறங்கிக்கும்."

"நடுவுல கீறவன் படிச்சிட்டான்னா?" என்று கேட்டாள் ராஜம்மா. வலைக்கு மிதவை கட்டுகிறவள், துணியும் தைப்பாள். சந்தேகப்படுவதிலும் கெட்டிக்காரி.

"படிக்க முடியாதுக்கா. பூட்டுப் போட்டுதான் போவும். சாவி, மெசேஜு போய் சேர்றவங்ககிட்ட மட்டும்தான் கீது. தூக்கினு போறவனுக்கு மூட்டை தெரியும், உள்ள இன்னா கீதுன்னு தெரியாது. யாரு அனுப்புனா, யாருக்குன்னுகூட தெரியாது."

படகோட்டி வடிவேலு தொண்டையைச் செருமினார். அக்கரைக்கும் இக்கரைக்கும் முப்பது வருஷமாகப் படகு விடுகிறவர்.

"ஏம்பா ஜெகா, இதுக்கு ஆபீசு எங்க கீது?"

"ஆபீசே கெடையாது மாமா."

"மொதலாளி?"

"அதுவும் கெடையாது. நம்ம ஏரிக்கு மொதலாளி கீறானா? பாடு சீட்டு போட்டு வலை கட்ற எடத்த நாமளே பிரிச்சிக்கிறோம்ல? அந்த மாதிரிதான். எல்லார் போனும் சேந்து நடத்துது."

"அப்ப கெட்டுப்போச்சுன்னா யாரப் போயி திட்றது?"

கூட்டம் இதில் இருந்த நியாயத்தைக் கண்டு தலையாட்டியது. திட்ட ஆளில்லாத பொருளைத் தொடமாட்டேன் என்று வடிவேலு தன் பட்டன் போனை மடியில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மற்றவர்கள் தொட்டார்கள். ஒரே வாரத்தில் அக்கரைக் கடைக்காரர்கள், ஆஸ்பத்திரி நர்ஸ்வரை ஏற்றிக்கொள்ள, தோணி ஓட ஆரம்பித்தது. ஒருவரை ஒருவர் சேர்த்துக்கொள்ள இரண்டு போனையும் நேருக்கு நேர் காட்ட வேண்டும் என்பதால், நாலு வருஷமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பி இருவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை மட்டும் நீட்டி வேலையை முடித்தார்கள்.

தீவிலிருந்து தினமும் தவறாமல் அக்கரை போய்வருகிற ஸ்மார்ட்போன்களில் முதலாவது இருசம்மாளுடையது. மற்றவர்கள் தேவைக்குப் போவார்கள். அவள் மழையானாலும் போவாள். அவள் இடுப்பிலிருந்த சுருக்குப்பை வழியாகத்தான் தீவின் பாதிச் செய்தி ஏரியைக் கடந்தது. எந்த ரகசியத்தையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று பெயரெடுத்தவளின் இடுப்பில் ஊருடைய ரகசியமெல்லாம் ஏறி உட்கார்ந்துகொண்டது. விதிக்கும் சில சமயம் கேலி செய்யத் தோன்றும்.

திரையைத் தொட்டால் ஒரே ஒரு வரி தெரியும்: 'உங்களிடம் உள்ள பூட்டிய செய்திகள்: 31.' அவ்வளவுதான். இருசம்மாள் அழுத்திப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். போனைக் காதில் வைத்துக்கூடக் கேட்டாள்.

"மாப்ள, ஒன்னே ஒன்னு தொறந்து காட்டேன். பேரு வேணாம். மேட்டரு மட்டும்."

"எனக்கே தெரியாது அத்த. தொறக்க முடியாது."

"முப்பத்தொரு ரகசியம் வயித்து மேல கீது. சோறு எறங்கல மாப்ள."

படகில் எழுந்து நின்று, "யாரோ இன்னிக்கு நெறைய அனுப்பிருக்கீங்க. யாருன்னு தெரில. நல்லா இருங்க!" என்று பொதுவாக வாழ்த்துவாள்.

அந்த முப்பத்தொன்றில் ஒன்று எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் அவள் நெஞ்சு நின்றே போயிருக்கும். அது திவ்யா எழுதியது. பழவேற்காடு ஆஸ்பத்திரியின் நர்ஸ் ரோசிக்குப் போவது. திவ்யா மறுபடி முழுகாமல் இருந்தாள். ஜெகதீஸ்வரனுக்குத் தெரியும், ரோசிக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் படகேறினால் ஊர் கேள்வி கேட்கும் என்பதால் எல்லாம் தோணியிலேயே நடந்தது. 'அக்கா, மாத்திரை போட்டா வாந்தி வருது.' 'சாப்பிட்டு அரை மணி கழிச்சுப் போடு திவ்யா.' இப்படிப் போகும், இப்படி வரும். தன் பேரப்பிள்ளையின் சேதியைத் தானே தினம் இரண்டு முறை இடுப்பில் சுமந்துகொண்டு, அது தெரியாமல் நண்டு விலை கத்திக்கொண்டிருந்தாள் அந்தப் பாட்டி.

ஒரு சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் இருசம்மாள் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். "ஊரு ரகசியம் மொத்தம் எங்கிட்டதான் கீது, தெரியுமா?"

குடத்தை நிரப்பிக்கொண்டிருந்த திவ்யா நிமிராமலே சொன்னாள். "போன்ல இருக்கற வரைக்கும் பத்திரம். உன் வாயில இருந்திருந்தா இந்நேரம் திருப்பாலைவனம் தாண்டிருக்கும்."

குழாயடி சிரித்தது. இருசம்மாளும் சேர்ந்து சிரித்தாள். மீன் விலையும் மழையும் தவிர மகள் பேசிய முதல் பேச்சு அது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகுதான் வலித்தது.

பரணிலிருந்து எவர்சில்வர் டப்பாவை இறக்கினாள். திவ்யா பள்ளிக்கூடம் போன காலத்தில் சாப்பாடு கட்டிக்கொடுத்த டப்பா, மூடி இறுக்கமானது. உள்ளே துணி விரித்து, போனை வைத்து, மூடியை அழுத்தி, மேலே சைக்கிள் டியூப் வளையம் ஒன்றைப் போட்டாள். ரகசியம் என்றால் மூடித்தானே வைக்க வேண்டும்? சுருக்குப்பைக்கு வாய் இருக்கிறது, அது எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளும். இனிமேல் ஒரு சொட்டு வெளியே போகாது. மகள் ஒருநாள் பார்ப்பாள். தாய் மூடிவைக்கவும் தெரிந்தவள் என்று அறிவாள்.

அவளுக்கு யாரும் சொல்லவில்லை, எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டு மூடினால் தோணி மூச்சுவிடாது என்று. ராத்திரி வீட்டில் சார்ஜ் போடத் திறக்கும்போது தீவின் செய்திகள் வந்து ஏறிக்கொள்ளும். காலையில் மூடி விழும். அக்கரை போய், கடைத்தெரு சுற்றி, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, அப்படியே திரும்பி வரும். ஒன்றும் இறங்காது. ஒன்றும் ஏறாது.

மற்ற நாளாக இருந்தால் வேறு யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். ஆனால் அது பாடு சீட்டு போடும் நேரம். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுதான் பாடு. இரண்டு நாள் நடக்கும். பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். ஆள் எழுந்து நிற்காவிட்டால் அந்த வருஷம் நல்ல இடம் போய்விடும். அதனால் அந்த இரண்டு நாளும் ஆம்பிளைகள் யாரும் தீவைவிட்டு நகரமாட்டார்கள். மீன் இல்லாததால் விற்கப் போகும் பெண்களும் இல்லை. முன்பே பிடித்துக் கட்டிவைத்த உயிர் நண்டுகள் இருந்ததால் இருசம்மாள் மட்டும் போனாள். அவளும், வடிவேலுவும், வடிவேலுவின் பட்டன் போனும்.

முதல் நாளைக்கு முந்தின சாயங்காலம் திவ்யா எழுதினாள். 'அக்கா, அடிவயிறு இழுத்துப் பிடிக்குது. லேசா கறை தெரியுது. படுத்தே இருக்கணுமா, வரட்டுமா?'

முதல் நாள் மத்தியானம் படகு திரும்பியது. பதில் இல்லை.

சாயங்காலம் மறுபடி எழுதினாள். 'அக்கா, பயமா இருக்கு.' ஜெகதீஸ்வரன் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் இன்னும் வரவில்லை. அவனிடம் சொன்னால் சீட்டை விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவான். போன வருஷம் அவனுக்கு வந்தது சேறு மண்டிய இடம். திவ்யா சொல்லவில்லை. போனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டு செய்திக்கும் கீழே ஒரே வாசகம்: 'இன்னும் போய்ச் சேரவில்லை.'

விடிந்தபோது அவளுக்கு எழுபதாவது நாள்.

ஏழு மணிக்கு அவள் படகுத்துறைக்கு வந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. இருசம்மாள் கூடையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, உன் போன் எங்க?"

விலையும் கேட்காமல், மழையும் கேட்காமல், மகள் வந்து போனைக் கேட்கிறாள். இருசம்மாளின் முகம் மலர்ந்தது. கூடைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து, குழந்தையைக் காட்டுவதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பாருடி. டியூப்பு போட்டு டைட்டா வெச்சிருக்கேன். அன்னிக்கு முப்பத்தொன்னு இருந்திச்சு. இப்ப ஐம்பத்தெட்டு. ஒன்னுகூட சிந்தல!"

திவ்யா டப்பாவைப் பார்த்தாள். தன் தயிர்சாதம் போன டப்பா. அம்மாவைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதே நேரத்தில் கண்ணும் நிறைந்தது.

"சிந்தணும்மா. அது சிந்துனாதாம்மா போவும். நீ மூடி வெச்சதாலதான் ரெண்டு நாளா எதுவுமே போவல."

"என்னாது?"

"உன் வாழ்க்கையில ஒரே ஒரு தடவ மூடி போட்ட. அதையும் எனக்கா பாத்துப் போட்டியே!"

இருசம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. மகளின் கை வயிற்றைவிட்டு நகராமல் இருப்பதை மட்டும் அப்போதுதான் கவனித்தாள். டப்பாவைத் திறந்து அனுப்பிவிட்டுப் பதிலுக்கு மத்தியானம்வரை காத்திருக்க இனி திவ்யாவால் முடியாது. சொல்ல வேண்டும். இந்த உலகத்தில் யாரிடம் சொல்லக்கூடாது என்று இருந்தாளோ அவளிடமே சொல்ல வேண்டும்.

"எழுவது நாளும்மா" என்றாள் மெதுவாக. "வலிக்குது."

இந்த இடத்தில் இடி ஒன்று இடித்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். வானம் தெளிவாகவே இருந்தது. இருசம்மாளின் வாய் திறந்தது. வடிவேலு திரும்பிப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் மகளின் தோளை அணைத்து, படகில் ஏற்றி, தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னா இருசு, பொண்ணையும் இட்டுனு கெளம்பிட்ட? இன்னா விசேஷம்?" என்றார் வடிவேலு.

இருசம்மாள் ஏரியில் முங்கி எழுந்த ஒரு நீர்க்காகத்தைப் பார்த்தாள்.

"ஜாக்கெட் தைக்க" என்றாள் இருசம்மாள்.

ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவள் சொன்ன முதல் பொய். அதற்குப் பிறகு அக்கரை வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. வடிவேலுவுக்குக் கவலை வந்துவிட்டது. முப்பது வருஷமாக இந்தப் படகில் இஞ்சின் சத்தம் அவருக்குக் கேட்டதே இல்லை, இன்றைக்குக் கேட்டது. "ஒடம்புக்கு முடிலயா இருசு? சோடா வாங்கியாரட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

திவ்யா டப்பாவைத் திறந்து போனை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படகு துறையை நெருங்கியதும் டீக்கடையில் ஒரு போன் கூவியது. அடுத்து ஐஸ் கடையில். அடுத்து வலைக் கடையில். இரண்டு நாள் செய்தி எல்லாம் ஒரே நேரத்தில் கரையேறியது. ஐஸ்காரர், 'நாளைக்கு ஐஸ் வேணாம்' என்ற முந்தாநாள் செய்தியைப் படித்துவிட்டு, எதிரே உருகிக்கொண்டிருந்த பாளங்களைப் பார்த்தார்.

தாயும் மகளும் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் ரோசி எதிரே ஓடிவந்தாள். ஒரு காலில் செருப்பு சரியாக மாட்டியிருக்கவில்லை. கையில் போன் இருந்தது.

"இப்பதான்டி வந்துச்சு ரெண்டும்! ரெண்டு நாள் முன்னாடி எழுதுனதா? ஏன்டி நேரா வரல?" என்று திட்டிக்கொண்டே திவ்யாவின் நாடியைப் பிடித்தாள். பக்கத்தில் நிற்பது யார் என்று அப்போதுதான் பார்த்தாள். "அய்யோ, உங்கம்மா!"

"தெரியும்க்கா. நான்தான் சொன்னேன்."

ரோசி இருசம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு ஆட்டோவை நிறுத்தி, ஸ்கேன் எடுக்க மூவருமாகப் பொன்னேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் இருசம்மாள் ஆட்டோக்காரரின் முதுகை ஒரு தட்டுத் தட்டினாள். பேசவில்லை.

ஸ்கேன் அறையில் இருட்டாக இருந்தது. டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினாள். திவ்யா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் எதுவுமில்லை. பிறகு குதிரை ஓடுவதுபோல ஒரு சத்தம் அறை முழுவதும் கேட்டது.

"துடிப்பு நல்லா இருக்கு" என்றாள் டாக்டரம்மா. "கறை இப்படிச் சில பேருக்கு வரும். மாத்திரை எழுதித் தர்றேன். மூணு வாரம் நல்லா ரெஸ்ட் எடுக்கணும். கூட யாரு? நீங்க அம்மாவா? ஏன் இப்படி நிக்கிறீங்க?"

இருசம்மாள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றாள். கண்களிலிருந்து வழிந்ததை மட்டும் அவளால் அடைக்க முடியவில்லை.

திரும்பி வரும் படகில், வடிவேலு இஞ்சினைக் கிளப்பிய சத்தத்தில், திவ்யா அவள் காதருகே சொன்னாள். "யம்மா, அஞ்சாம் மாசம் பொறக்கட்டும்மா. அதுவரைக்கும் யாராண்டயும் வேணாம்."

இருசம்மாள் தலையாட்டினாள்.

துறையில் ஜெகதீஸ்வரன் நின்றுகொண்டிருந்தான். சீட்டு முடிந்து, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நல்ல இடம் விழுந்திருந்தது. அதைச் சொல்ல வந்தவன் இருவர் முகத்தையும் பார்த்து நின்றான். "ஜாக்கெட் தைக்கப் போனோம் மாப்ள" என்றாள் இருசம்மாள், வடிவேலு காதில் விழும்படி.

அன்று சாயங்காலம் சோறு போடும்போது அவள் வீட்டில் மௌனம் நிலவியது. சின்னதம்பி ஒரு கவளம் சாப்பிட்டார். இரண்டாவது கவளத்தில் நிறுத்தினார்.

"இன்னா?" என்றார்.

"ஒன்னுமில்ல."

அவர் மூன்றாவது கவளத்தை எடுத்தார். "திவ்யாவுக்கு ஒடம்பு எப்டி கீது? மூணாவது மாசம்தான?"

இருசம்மாளின் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது. "ஒனக்கு எப்டியா தெரியும்?"

"ஒரு மாசமா கருவாட்டு வாசனைக்கு மூஞ்சிய திருப்பிக்கினு போறா. கண்ணு தெரியாதா எனக்கு?"

"ஏன்யா சொல்லல?"

"நீ கேக்கலயே" என்று சொல்லிவிட்டு அவர் மீன் முள்ளை எடுப்பதில் இறங்கினார். அந்த வருஷத்துக்கான பேச்சு அவருக்கு முடிந்துவிட்டது.

அடுத்த இரண்டு மாதம் இருசம்மாள் பட்ட பாட்டை எழுதினால் கல்லும் கரையும். சேதி தொண்டைவரை வரும், விழுங்குவாள். விழுங்க முடியாத நாளில் நண்டு கட்டும் இடத்தில் தனியாக உட்கார்ந்து நண்டுகளிடம் சொல்வாள். "யாராண்டயும் சொல்லக்கூடாது, இன்னா?" என்று கொடுக்கைக் கட்டுவாள். தினமும் மகள் வீட்டுக்குப் போனாள், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், வாசலில் யாராவது எட்டிப் பார்த்தால் "காய்ச்சல்" என்று சைகை காட்டினாள். போன் மறுபடி சுருக்குப்பைக்கு வந்துவிட்டது. டப்பாவில் மகளுக்குத் தயிர்சாதம் போனது. ஒரே ஒரு விஷயம் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வழக்கமாக முப்பது, நாற்பது என்று இருக்கும் பூட்டிய செய்திகள், பொன்னேரி போய்வந்த மறுவாரம் நூற்றுப் பன்னிரண்டு ஆனது. ஊரில் அப்படி என்ன பெரிய விஷயம் நடக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். யாரிடமும் கேட்கவும் பயம். பேச்சைத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கே தெரியாது.

ஐந்தாம் மாதம் பிறந்தது. ஒரு காலை திவ்யா நிமிர்ந்து, வயிறு தெரிய நடந்து துறைக்கு வந்தாள். "யம்மா, இன்னிக்குச் சொல்லிக்கோ" என்று அம்மாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டாள்.

படகு பாதி ஏரி வந்ததும் இருசம்மாள் எழுந்து நின்றாள். முந்தானையை உதறிச் செருகினாள். இரண்டு மாதம் அடைத்து வைத்த குரல் ஏரியின் நாலு கரைக்கும் கேட்டது.

"எம்பொண்ணு முழுகாம கீறா! அஞ்சு மாசம்!"

"அப்டியா!" என்று அலறினார் வடிவேலு. "நெசமாவா! அய்யோ, எனக்குத் தெரியவே தெரியாதே!" என்று கையிலிருந்த கோலைத் தண்ணீரில் நழுவவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயில் கை வைத்தார்கள். ராஜம்மா வறண்ட கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம் தாங்காமல் தன் பையிலிருந்து ஒரு குட்டிச் சட்டையை எடுத்து இருசம்மாளின் கையில் வைத்தாள். மஞ்சள் பருத்தி. கழுத்தில் பூ வேலை. பித்தான்வரை தைத்து முடிந்திருந்தது.

இருசம்மாள் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் இப்பதான சொன்னேன்? அதுக்குள்ள சட்டையா?"

மிதந்துபோகும் கோலை எல்லோரும் மிகுந்த அக்கறையோடு பார்த்தார்கள்.

"வடிவேலுண்ணா!"

"அது வந்து இருசு..." அவர் தலையைச் சொறிந்தார். "நீ ஜாக்கெட் தைக்கன்ன. ஜாக்கெட்டே எடுத்துனு வரல. அப்பறம் வாயே தொறக்கல. நீ பேசினாகூட சந்தேகம் வந்திருக்காது. நீ பேசாம இருந்தியா... ஊருக்கே புரிஞ்சிபோச்சு. சொன்னா உம்மனசு கஷ்டப்படுமேன்னு யாரும் கேக்கல. எங்களுக்குள்ளதான்..."

"எப்டி? எங்காதுல ஒரு வார்த்தகூட விழலயே?"

ராஜம்மா இருசம்மாளின் இடுப்பைப் பார்த்தாள். சுருக்குப்பையைப் பார்த்தாள்.

நூற்றுப் பன்னிரண்டு.

இருசம்மாள் மெல்ல உட்கார்ந்தாள். தன் வீட்டுச் சேதியை ஊர் முழுக்கத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள், பூட்டுப் போட்டு, ஒருத்தர் விடாமல். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ராஜம்மா பயந்தாள். பிறகு சிரிப்புச் சத்தம் வந்தது. படகு ஆடியது.

மத்தியானம் திரும்பி வந்தபோது திவ்யா துறையில் காத்திருந்தாள். இரண்டு மாதமாக யாரும் மாங்காய் கொண்டுவரவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை, யாரும் அவள் வயிற்றைப் பார்க்கவில்லை. அந்த நிம்மதி அவள் முகத்தில் இருந்தது.

"இன்னாம்மா, சொல்லிட்டியா? இன்னா சொன்னாங்க?"

இருசம்மாள் திரும்பிப் பார்த்தாள். வடிவேலு, ராஜம்மா, பின்னால் வந்த எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

"ஆடிப்போய்ட்டாங்கடி" என்றாள். "ஒருத்தருக்கும் தெரியல."

அவள் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய பொய் அது. சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தெளிந்த வானத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மழை வரும்போல கீது. வா, வீட்டுக்குப் போலாம்."